தட்டில் இல்லாத தக்காளி



2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாட்டின் பெரிய துரித உணவகம் ஒன்றின் சுவர்களில் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். வட, கிழக்கு மாநிலங்களில் இயங்கும் மெக்டொனால்ட்ஸ் கிளைகள் பல, தரச் சோதனையில் தேறும் தக்காளி போதிய அளவில் கிடைக்காத காரணத்தால், சில காலத்திற்குத் தக்காளி சேர்க்காமல் பர்கர் தருவதாக அதில் தெரிவித்திருந்தன. அடுத்த மாதமே பர்கர் கிங் நிறுவனமும் தக்காளிக்கு விடுப்பு அளித்தது. செய்தித்தாள்கள் இதை வேடிக்கைச் செய்தியாகவே வெளியிட்டன. படித்த நாமும் சிரித்துவிட்டு நகர்ந்தோம்.

ஆனால் தருமபுரி மாவட்டத்தில், அதிலும் பென்னாகரம் வட்டாரத்தில் வாழ்வோருக்கு அது சிரித்துவிட்டுக் கடந்து போகும் செய்தியன்று. தமிழகத்தின் பெரும் தக்காளிச் சந்தைகளுள் ஒன்றான பாலக்கோடு நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நம் வயல்களில் விளையும் காய் எங்கோ ஒரு நகரத்துத் தட்டில் காணாமற்போகிறது. வேறொரு பருவத்தில் அதே காய் நம் சாலையோரத்தில் கேட்பாரின்றிக் கொட்டப்படுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் உணவுக்கடைகளும், அவற்றில் உண்ணும் நம் குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே காய்கறி விலையேற்றத்தை வெறும் பொருளாதாரச் செய்தியாக விட்டுவிடாமல், ஹலாலான வணிகம் குறித்த கேள்வியாகவும் நாம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலை ஏன் ஏறியது?

அந்த ஆண்டு விலை ஏறியதற்குக் காரணம் ஒன்றல்ல. அதற்கு முந்தைய மாதங்களில் தக்காளிக்கு விலையே இல்லை. மகாராட்டிரத்தில் கிலோ இரண்டு, மூன்று ரூபாய்க்குக் கேட்கப்பட்டதால் மே மாதத்தில் உழவர்கள் காயைச் சாலையில் கொட்டினார்கள். நட்டமடைந்தவர்கள் அடுத்த நடவைக் குறைத்துக்கொண்டார்கள். நட்ட செடிகளைக் கோடை வெப்பம் வாட்டியது. கர்நாடகத்தின் கோலார் பகுதியில் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் தாக்கியது. வடக்கே இமாச்சலப் பிரதேசத்தில் பெருமழை பயிரையும் பாதையையும் கெடுத்தது. எல்லாம் ஒன்றுசேர, சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. நாட்டின் சில நகரங்களில் 200 ரூபாயையும் கடந்தது. தமிழக அரசு ஜூலைத் தொடக்கத்தில் சென்னையின் சில நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியதாயிற்று. அந்த ஜூலையில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 விழுக்காடு, காய்கறிகளுக்கு மட்டும் 37.34 விழுக்காடு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூலையின் விலையேற்றம் மே மாதத்து விலைவீழ்ச்சியின் வயிற்றில் பிறந்தது. உழவரைக் கைவிட்ட சந்தை, இரண்டு மாதம் கழித்து உண்பவரையும் கைவிட்டது.

பென்னாகரத்துப் பலகைகள்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையை நாம் அறிவோம். அருவியைக் காண வருவோரின் வண்டிகள் விடுமுறை நாளெல்லாம் இவ்வழியே போகின்றன. மாலையானால் சாலையோரம் அடுப்புகள் எரிகின்றன. ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன் என்று பலகைகள் ஒளிர்கின்றன. துரித உணவு இப்போது நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கும், சமைக்க நேரமின்றி வேலையிலிருந்து திரும்பும் பெற்றோருக்கும் அது அன்றாட உணவாகிவிட்டது. அத்தகைய கடைகள் பலவற்றை நம் சமுதாயத்துச் சகோதரர்களே நடத்துகிறார்கள். ஒரு தள்ளுவண்டியும் ஓர் இரும்புச் சட்டியும் ஒரு குடும்பத்தின் ரிஸ்க்காக இருக்கின்றன.

தக்காளியோ வெங்காயமோ முட்டைக்கோசோ விலை ஏறும்போது பெரிய நிறுவனம் சுவரில் காகிதம் ஒட்டுகிறது. சிறிய கடையில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் எதுவும் சொல்லப்படுவதில்லை. நூடுல்சில் கேரட்டும் பீன்சும் மெலிகின்றன. குடைமிளகாய் மறைகிறது. பிரியாணியோடு வரும் வெங்காயப் பச்சடியில் வெங்காயம் குறைந்து தயிர் பெருகுகிறது. சில நாட்களில் தயிரும் நீர்த்துப் போகிறது. பலகையில் பெயரும் அதே, விலையும் அதே. வாடிக்கையாளர் ஏதோ ஒன்று குறைவதை நாவில் உணர்கிறார், கேட்கத் தயங்குகிறார். கடைக்காரரும் அறிவார்; சொல்லத் தயங்குகிறார். இருவருக்கும் இடையே இருந்த நம்பிக்கை இப்படித்தான் ஒவ்வொரு தட்டாகக் கரைகிறது.

விலை ஏற்றுவது பாவமா?

நம் மார்க்கம் இதில் தெளிவான வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறது. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். விலையின் ஏற்ற இறக்கம் அல்லாஹ்விடம் உள்ளது என்று கூறி, எவருடைய உயிருக்கோ பொருளுக்கோ அநீதி செய்தவராகத் தம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்னும் கருத்தில் அவர்கள் அதை மறுத்துவிட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் இடம்பெற்றுள்ளது. வறட்சியாலோ மழையாலோ விலை ஏறினால், ஏறிய விலைக்கு விற்பவர் குற்றவாளி அல்லர். விலை ஏறட்டும் என்று பொருளைப் பதுக்குபவரே பாவி என்று முஸ்லிம் நூலின் மற்றொரு நபிமொழி உணர்த்துகிறது.

மறைப்பதோ முற்றிலும் வேறு. கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக விற்பவர் சொன்னார். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவான இந்நிகழ்வை நாம் பலமுறை ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம்.

அந்த வணிகரின் தானியம் நனைந்ததற்கு அவர் பொறுப்பல்லர். மழை அவர் கையில் இல்லை. அவர் மீது விழுந்த குற்றம், ஈரத்தை அடியில் வைத்தது மட்டுமே. நம் உணவுக்கடைகளுக்கும் இதே அளவுகோல்தான். தக்காளி விலை ஏறியது கடைக்காரரின் குற்றமன்று. தக்காளி இல்லாத தட்டைத் தக்காளி உள்ள தட்டின் பெயரில், அதே விலைக்கு, வாய் திறவாமல் நீட்டுவதே ஈரத்தை அடியில் வைப்பதாகும். அளவையில் குறைப்போரைக் கண்டிக்கும் ‘அல்முதஃப்பிஃபீன்’ என்னும் அத்தியாயமே திருக்குர்ஆனில் இருப்பதை நினைவிற்கொள்வோம். படிக்கல்லில் குறைப்பது மட்டும் அளவைக் குறைவன்று. கரண்டியில் குறைப்பதும் அதுவே.

ஐந்து ரூபாயின் கணக்கு

‘சொன்னால் வியாபாரம் படுத்துவிடும்’ என்பது கடைக்காரர் தரப்பில் நாம் கேட்கும் மறுமொழி. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரிய நிறுவனத்திற்கு ஒப்பந்த விலையும் குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன. தள்ளுவண்டிக்காரர் அன்றாடம் கடன் வாங்கி, அன்றாடம் சந்தை விலைக்குக் காய் வாங்கி, அன்றிரவே கடனை அடைக்கிறார். ஐந்து ரூபாய் ஏற்றினால் வாடிக்கையாளர் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவார் என்னும் அச்சம் பொய்யானதன்று.

ஆயினும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோ அரிசி பிரியாணிக்கு ஏறத்தாழ மூன்று கிலோ தக்காளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 20 ரூபாய் என்றால் 60 ரூபாய். 150 ரூபாய் என்றால் 450 ரூபாய். கூடுதல் செலவு 390 ரூபாய். அதை எண்பது தட்டுகளுக்குப் பகிர்ந்தால் ஒரு தட்டுக்கு ஐந்து ரூபாய்கூட முழுதாக வருவதில்லை. ஒரு பர்கரில் வைக்கும் இரண்டு துண்டுத் தக்காளி முப்பது கிராம் என்றால், கிலோ 150 ரூபாய் விலையிலும் அதன் மதிப்பு நாலரை ரூபாய்தான்.

இந்த ஐந்து ரூபாயை வெளிப்படையாகக் கேட்க அஞ்சியே நாம் நம்பிக்கையை விற்கிறோம். ‘காய்கறி விலை ஏறியிருப்பதால் இம்மாதம் தட்டுக்கு ஐந்து ரூபாய் கூடுதல், விலை இறங்கியதும் குறைக்கப்படும்’ என்று பலகையில் எழுதினால் முகம் சுளிப்போர் சிலர் இருக்கலாம். ஆனால் அதே பலகையைக் கண்டு, ‘இவர் நம்மிடம் மறைக்கமாட்டார்’ என்று பிள்ளைகளை அழைத்து வரும் குடும்பங்களும் இருப்பார்கள்.

உலக நடப்பும் இதையே காட்டுகிறது. 2010இல் அமெரிக்காவின் புளோரிடாவில் உறைபனியால் தக்காளிப் பயிர் கருகியபோது, வென்டீஸ் என்னும் உணவகம் கேட்பவருக்கு மட்டும் தக்காளி வைப்பதாக அறிவிப்புப் பலகை வைத்தது. விரும்பாதவர் தட்டில் வீணாகாமல், விரும்பியவருக்குக் கிடைத்தது. 2022இல் ஆஸ்திரேலியாவில் வெள்ளத்தால் லெட்யூஸ் கீரை விலை பல மடங்கு ஏறியபோது, அங்குள்ள கேஎஃப்சி அதனோடு முட்டைக்கோசைக் கலந்து தருவதாக வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தது. அவர்கள் இலாபத்திற்காகவே அப்படிச் செய்திருக்கலாம். இலாபம் மட்டுமே நோக்கமாகக் கொண்டவர்களே சொல்லிவிட்டுக் குறைக்கும்போது, மறுமையை நம்பும் நாம் சொல்லாமல் குறைப்பது எவ்வகையில் தகும்?

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

இதில் உடல்நலம் குறித்த கவலையும் அடங்கியிருக்கிறது. தக்காளி குறைந்த நாளிலும் குழம்பின் சிவப்பு குறையவில்லை என்றால், அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்க வேண்டும். காய் தந்த நிறத்தைத் தூளால் ஈடுகட்டுவது சட்டத்துக்கும் ஆகாது, உடலுக்கும் ஆகாது. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் நம் அண்டை மாநிலமான கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளைத் தடை செய்தது. அதற்கு முந்தைய மாதம் தமிழகம் ரோடமைன்-பி என்னும் சாயம் கலந்திருந்ததைக் கண்டறிந்து பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. நம் பிள்ளைகள் விரும்பி உண்ணும் பண்டங்கள் இவை. இறைச்சி ஹலாலா என்று அக்கறையோடு விசாரிக்கும் நாம், அதன்மேல் பூசிய நிறம் தூயதா என்றும் விசாரிக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஹலாலையும் தய்யிபையும், அனுமதிக்கப்பட்டதையும் தூயதையும், மார்க்கம் சேர்த்தே சொல்கிறது.

விலை இறங்கும்போது

விலை ஏறும்போது பேசும் நாம் அது இறங்கும்போது மௌனமாகிவிடுகிறோம். பாலக்கோட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்த தக்காளி, பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்பட்ட செய்திகள் நமக்குப் புதியவையல்ல. பறிப்பதே நட்டம் என்று வயலிலேயே விட்டு மாடுகளை மேய விடுவோரும் உண்டு. அந்த நாட்களில் நம் கடைகளில் தட்டின் விலை குறைந்ததுண்டா? மெலிந்த காய்கறி மீண்டும் நிறைந்ததுண்டா? ஏறிய விலை படியேறுவதுபோல் மேலேயே நின்றுவிடுகிறது.

இந்திய ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுத் தாள் ஒன்றின்படி, நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் உழவருக்குச் சேர்வது ஏறத்தாழ 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதம் இடையிலுள்ள கைகளுக்கும் போக்குவரத்துக்கும் கழிவுக்கும் போகிறது. ஆகவே கிலோ 150 ரூபாய் விற்ற நாட்களில் உழவர் கொழுத்துவிட்டார் என்று எண்ணுவது பெரும்பாலும் பிழை. அந்த நாட்களில் விற்பதற்குக் காய் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? காய் இல்லாததால்தானே விலை ஏறியது!

இவ்விடத்தில் நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். குளிரூட்டப்பட்ட கடையில் சில நூறு ரூபாய் பர்கருக்கு ஒரு சொல்லும் பேசாமல் கொடுக்கும் நாம், சந்தையில் தரையில் சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறோம். நம்முடைய சிக்கனம் எப்போதும் நம்மைவிட எளியவரிடமே விழித்துக்கொள்வது ஏன்?

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்ய வேண்டியவை உள்ளன. தக்காளியைக் கூழாக்கவும் பதப்படுத்தவும் நம் மாவட்டத்தில் போதிய வசதி வேண்டும் என்பது உழவர்களின் நெடுநாள் கோரிக்கை. அது நிறைவேறும்வரை நம் கைக்கு எட்டுவதை நாம் செய்யலாம்.

முதலாவது, கடை நடத்தும் சகோதரர்களுக்கு. பெயிண்டால் எழுதிய நிலையான பலகைக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியால் எழுதும் சிறு பலகை ஒன்றை வையுங்கள். இன்று எது இல்லை, எதற்குப் பதில் எது, எவ்வளவு கூடுதல் என்று அதில் எழுதுங்கள். விலை இறங்கிய அன்றே அதை அழிக்கவும் மறவாதீர்கள். விலை ஏறிய காய்க்குப் பின்னால் ஓடுவதைவிடப் பருவத்துக் காயைக் கொண்டு பண்டத்தை மாற்றுவது மேல். 2019ஆம் ஆண்டின் இறுதியில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, பெங்களூரு உணவகங்கள் சில வெங்காய தோசையையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. வெங்காயம் இல்லாத வெங்காய தோசையைவிட அது நேர்மையானது.

இரண்டாவது, இல்லத்தரசிகளுக்கும் சமையற்காரர்களுக்கும். தக்காளி தென் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த காய். அது வருமுன்பும் நம் முன்னோர் புளிப்பறியாமல் உண்ணவில்லை. புளிக்குப் பெயர்பெற்றது நம் பென்னாகரம் வட்டாரம். புளியும் தயிரும் எலுமிச்சையும் மாங்காயும் நம் சமையலறைகளில் எப்போதும் இருந்தவை. தக்காளி மலிந்த நாளில் கூடுதலாக வாங்கித் தொக்காகக் கிளறியோ வெயிலில் உலர்த்தியோ வைத்தால், உழவருக்கும் உதவி, விலையேற்ற நாளில் நமக்கும் உதவி. வீட்டுத் தேவைக்கு இப்படிச் சேமிப்பது பதுக்கல் ஆகாது. மலிந்த நாளில் வீணாகப் போவதைக் காப்பதுதான் அது.

மூன்றாவது, ஜமாஅத்துகளுக்கு. ரமலானில் நோன்புக் கஞ்சிக்கும், வலீமா விருந்துகளுக்கும் மொத்தமாகக் காய்கறி வாங்குகிறோம். அதை இயன்றவரை உழவர் சந்தையிலோ நேரடியாக உழவரிடமோ வாங்கலாம். தமிழகத்தில் உழவர் சந்தைகள் 1999இல் தொடங்கப்பட்டதே இடைத்தரகர் இன்றி விளைவித்தவரும் உண்பவரும் நேரில் சந்திக்கத்தான். விலை வீழ்ந்த நாட்களில் பேரம் பேசாமல் வாங்குவதும் ஒரு தர்மமே. விலை ஏறிய நாட்களில் வலீமாவின் பண்டங்களில் இரண்டைக் குறைப்பது எவருக்கும் இழுக்கன்று.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபுநாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அப்போது கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மக்களுக்குக் கிடைக்கும்வரை தமக்கும் நெய் வேண்டாம் என்று எண்ணெயோடு உணவை முடித்துக்கொண்டார்கள் என வரலாறு கூறுகிறது. ஆட்சியாளரே தம் தட்டிலிருந்து குறைத்துக்கொண்டார். அதை எவரிடமும் மறைக்கவுமில்லை. பற்றாக்குறை வரும்போது அது யார் தட்டில் முதலில் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

காய்கறி விலை இனியும் ஏறும், இறங்கும். மழையும் வெயிலும் நம் வசத்தில் இல்லை. விற்பவர் இல்லாததை இல்லை என்று சொல்வதும், வாங்குபவர் அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் ஏற்பதும், விளைவித்தவருக்கு அவருடைய பங்கைக் கொடுப்பதும் நம் வசத்தில் இருக்கின்றன. அடுத்தமுறை ஒரு கடைப்பலகையில் ‘இன்று தக்காளி இல்லை’ என்று எழுதியிருந்தால், அந்தக் கடையிலேயே அமர்ந்து உண்போம். எழுதியவருக்காக துஆவும் செய்வோம். நம் உணவிலும் தொழிலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.